காக்கை தொடாத சோறு

சிவசங்கரன் பாலாம்பாளுக்குத் தர வேண்டிய பாக்கி பதினோரு ரூபாய் ஆறணா. அந்தத் தொகையை அன்று காலை ஏழு மணிக்குச் சந்து முழுக்கக் கேட்கும்படி அவள் சொன்னாள். மாலை நான்கு மணிக்குப் பையன் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனான். பாக்கி நிற்கிறவர்கள் மதுரையில் எத்தனையோ பேர். இந்த ஒரு பாக்கி மட்டும் கயிறாகத் திரிந்து பாலாம்பாளின் கழுத்தைத் தேடி வந்தது.

1938, கார்த்திகை மாதம். தெற்கு மாசி வீதியை விட்டுப் பிரிகிற சந்தில் பாலாம்பாள் மெஸ் வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்குத் தெரிந்த தொழில் சமையல் ஒன்றுதான். காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு. அவள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நவசித்திர சாலை. பட்டணத்து ஓவியக் கல்லூரியில் சேரப் போகிற பையன்களுக்கு அங்கே முதல் பாடங்கள் நடக்கும். நேர்கோடு, வட்டம், வெளிச்சமும் நிழலும், சேலைக் கரைக்கு டிசைன். சொல்லிக் கொடுப்பவர் ஹாலாஸ்யம் என்கிற டிராயிங் மாஸ்டர்.

சிவசங்கரன் வாடிப்பட்டிப் பையன். வயது பத்தொன்பது. அவன் தாய் வாலாம்பாள் அங்கே ஒரு மிராசுதார் வீட்டில் சமையல் செய்து அனுப்பும் காசில்தான் படிப்பு. அன்று காலை படம் வரையும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெஸ் வாசலில் வந்து நின்றான். உள்ளே இலைகள் போட்டிருந்தன. ஆவி பறந்தது.

"நான் என்ன சத்திரமா நடத்தறேன்? பதினோரு ரூபா ஆறணா! அரிசிக்காரன் எனக்குப் பாக்கி சொல்றானா? பணத்த வெச்சுட்டு இலைல உக்காரு. இல்லேன்னா வாசலோட போ."

இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பையன் சிரித்தான். "சரி மாமி, ராத்திரி வந்து தரேன்" என்றான். ராத்திரி எங்கிருந்து தருவான் என்பது அவனுக்கும் தெரியாது.

பத்தரை மணிக்கு, வகுப்பில், பலகைக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

*

சப்-இன்ஸ்பெக்டர் ராஜாராம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெள்ளைத் துணி போர்த்தியாகிவிட்டது. நாற்பது வயதுக்காரர். தகப்பனார் தறி நெய்தவர். தறியில் ஒரு இழை தப்பினால் துணி முழுக்கத் தெரியும் என்று கேட்டு வளர்ந்தவர். ஆனால் ஸ்டேஷன் வேலையில் இழை தப்புவது முக்கியமில்லை, துணி சீக்கிரம் இறங்குவதுதான் முக்கியம் என்று பதினைந்து வருஷத்தில் அவருக்குப் பழகிவிட்டது.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பாஷாணம் மாதிரி இருக்கு. வாந்தியில வந்தது வெள்ளையா, மாவு மாவா இருந்தது. இட்லியாத்தான் இருக்கணும். மாதிரி எடுத்துச் சென்னைக்கு அனுப்பறேன். முடிவு வர ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம் காத்திருக்க சர்க்கிள் இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை இல்லை. ஐந்து மணிக்கு மெஸ்ஸைச் சோதனை போட்டார்கள். சமையலறைப் பரணில் எலிப் பாஷாணப் பொட்டலம் ஒன்று கிடைத்தது. கொல்லையில், சுவரடியில், ஒரு காக்கை செத்துக் கிடந்தது. சுவர் மேல் இலைத்துண்டில் சோற்றுருண்டை.

"காக்காய்க்குச் சோறு வெச்சிருக்கா. அது தின்னுட்டு விழுந்திருக்கு. இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?" என்றார் இன்ஸ்பெக்டர். "காலையில சண்டை. பணம் வராதுன்னு ஆத்திரம். பின்பக்கமாக் கூப்பிட்டு ரெண்டு இட்லிய நீட்டியிருக்கா. எழுது."

ராஜாராம் எழுதினார்.

லாக்கப்பில் பாலாம்பாள் மூலையோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள். முக்காடு நெற்றி வரை இறங்கியிருந்தது. ராஜாராம் கம்பிக்கு வெளியே நின்று கேட்டார்.

"காலையில அவனுக்கு இட்லி குடுத்தீங்களா?"

"குடுக்கலே."

"வயித்துல இட்லி இருந்துச்சுன்னு டாக்டர் சொல்றாரே?"

"குடுக்கலேன்னா குடுக்கலே. குடுத்திருந்தா பெருமையாச் சொல்லியிருப்பேன். வாசலோட போடான்னு தொரத்தினேன். பத்துப் பேர் பார்த்தா."

"பாஷாணம் எதுக்கு?"

"எலிக்கு. அரிசி வெக்கற எந்த ஆத்துல இல்லே அது?"

"காக்காய்க்கு வெச்ச சோறு?"

"நான் சாப்பிட்ட அதே சோறு. காக்காய்க்கு வெக்காம ஒரு நாளும் நான் சாப்பிட்டதில்லே." அவள் நிமிர்ந்தாள். "சப்-இன்ஸ்பெக்டர்வாள், செத்துப்போனவன் கிட்டேருந்து பாக்கி வாங்க முடியுமா? அவன் உசிரோட இருந்தாத்தானே எனக்குப் பணம்?"

இதே கேள்வி ராஜாராமுக்கும் இருந்தது. இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். "கோவத்துல இருக்கறவ கணக்குப் பார்ப்பாளா? நாளைக்கு மத்தியானம் மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தறோம்" என்று அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏட்டு விருமாண்டி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கம்பிக்குள் வைத்தார். அவள் கையாலேயே தள்ளிவிட்டாள். "ஸ்டேஷன் தண்ணி எனக்கு ஆகாது. உசிரே போனாலும் தொடமாட்டேன்."

"வையுங்க, இருக்கட்டும்" என்றார் ராஜாராம்.

*

மறுநாள் காலை. ராஜாராம் வந்ததும் முதலில் பார்த்தது செம்பைத்தான். காலியாக இருந்தது. கவிழ்த்து வைத்திருந்தது.

விருமாண்டி ஓரமாக வந்து தணிந்த குரலில் சொன்னார். "குடிச்சிட்டாங்கய்யா. நான் திரும்பி நிக்கறப்ப. இன்னொரு செம்பும் கேட்டாங்க. என் கையால வாங்கிக்கிட்டு, 'யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னு அழுவுறாங்க. நான் யார்கிட்டய்யா சொல்லப்போறேன்? எனக்கே சங்கடமாப் போச்சு."

ராஜாராம் செம்பை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானத்துக்குள் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். முதலில் மெஸ் கொல்லைக்குப் போனார். சோற்றுருண்டை சுவர் மேல் நேற்று இருந்தபடியே இருந்தது. குனிந்து பார்த்தார். பிடித்த விரல்களின் தடங்கள் நான்கும் அதில் அப்படியே காய்ந்திருந்தன. அலகு பட்ட குழி ஒன்றுகூட இல்லை.

"விருமாண்டி, இதக் கொத்தின மாதிரி இருக்கா?"

"இல்லீங்கய்யா."

"அப்ப காக்கா எதத் தின்னுச்சு?"

"அது காக்காயத்தான் கேக்கணும்."

"கேட்டுருவோம். அத ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. வயித்தக் கிழிச்சுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க."

"காக்காய்க்குப் போஸ்ட்மார்ட்டமாய்யா?" விருமாண்டி தலைப்பாகையைச் சொறிந்தார். "டாக்டர் எனக்குல்ல பண்ணிருவாரு!"

ஆனாலும் ஓலைக்கூடையில் காக்கையைப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார். பின்னாலேயே ஊர்க் காக்கைகள் அத்தனையும் கரைந்துகொண்டு பறந்தன.

*

நவசித்திர சாலையில் வகுப்பு இல்லை. ஹாலாஸ்யம் தன் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏழைப் பையன் ஸார். நல்ல கை. அந்தப் பொம்மனாட்டி இப்படிப் பண்ணுவாள்னு நான் கனவுலகூட நெனைக்கலே" என்றார்.

ராஜாராம் வகுப்பறைக்குள் போனார். நடுவில் மேஜை மேல் சுண்ணாம்பில் வார்த்த ஒரு பெரிய உருண்டை. அதைச் சுற்றி அரைவட்டமாகப் பலகைகள். ஒவ்வொன்றிலும் கரியால் வரைந்த உருண்டை. சுவரில் ஹாலாஸ்யம் தன் கையால் எழுதி மாட்டியிருந்தார்: 'கண் பார்ப்பதை வரை. மனம் நினைப்பதை வரையாதே.'

ஒரு பையன் மட்டும் தன் பலகைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். பெயர் பாலசுந்தரம். பெயரைச் சொன்னதுமே, பேச்சின் இழுவையிலேயே, தன் சௌராஷ்டிர இனத்துப் பையன் என்று ராஜாராமுக்குத் தெரிந்துவிட்டது. தமிழில் கேட்டதற்கெல்லாம் பையன் 'தெரியாது சார்' என்றே சொன்னான். ராஜாராம் வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்துக்கு மாறினார். பையன் நிமிர்ந்தான். கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தான்.

"அவன் பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன்."

"காலையில சாப்பிட்டேன்னு சொன்னானா?"

"ஆமா. சாப்பிட்டுட்டுத்தான் வரேன்னான். தினமும் அப்படித்தான் சொல்லுவான்."

"வகுப்புல ஏதாவது தின்னானா? வெத்தலை, மிட்டாய்?"

"ஒண்ணுமில்லை. தண்ணி குடிச்சான். நாங்களும் அதே பானையிலதான் குடிச்சோம்."

ராஜாராம் சிவசங்கரனின் பலகை முன் நின்றார். மற்றவர்களின் உருண்டைகள் உண்மையிலேயே உருண்டையாக இருந்தன. ஜன்னல் பக்கம் வெளிச்சம் பளிச்சென்று ஒரு பொட்டாக விழுந்திருந்தது. சிவசங்கரனுடையது மட்டும் பூசணிக்காயைச் சுட்டு வைத்தது போல ஒரே கறுப்பு. சுற்றுக்கோடு தப்பித் தப்பி மூன்று முறை போட்டிருந்தான். ஒன்றையும் அழிக்கவில்லை.

"நல்ல கைன்னு வாத்தியார் சொன்னார். இது என்ன இப்படி இருக்கு?"

"நேத்து என்னவோ அவன் வெளிச்சத்த எடுக்கவே இல்லை. வாத்தியார்கூட வந்து சத்தம் போட்டார். 'ஏண்டா இன்னும் வெளிச்சம் எடுக்கலே'ன்னார். 'இதோ ஸார்'னான். எடுக்கலை."

"வெளிச்சத்த எப்படி எடுக்கறது?"

பாலசுந்தரம் தன் பலகையின் அடிச் சட்டத்தைக் காட்டினான். அதன் இடுக்கில் கறுப்பாக, மிளகு மிளகாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. "ரொட்டி சார். ரப்பர் போட்டா கரி தாள்ல அப்பிக்கும். ரொட்டியப் பிசைஞ்சு ஒத்தி எடுத்தா கரி மட்டும் வந்துரும். வாத்தியார் ஆளுக்கு ஒரு துண்டு குடுப்பார்."

ராஜாராம் வரிசையாக எல்லாப் பலகைகளையும் பார்த்துக்கொண்டே போனார். எல்லாச் சட்டத்திலும் கறுப்புத் துணுக்கு இருந்தது. சிவசங்கரனுடையதில் வெறும் கரித்தூள்.

"அவனுக்கும் துண்டு குடுத்தாரா?"

"குடுத்தார். போதலைன்னு என்கிட்ட பாதி கேட்டான். குடுத்தேன்."

"மிச்ச ரொட்டியெல்லாம் எங்கே?"

"அவன் விழுந்து, தூக்கிட்டுப் போனதும் வாத்தியாரே எல்லாத்தையும் கூட்டி அள்ளி அந்தப் பக்கம் போட்டுட்டார்." கொல்லைச் சுவரைக் காட்டினான். "கூட்டறதுக்கு ஆள் இருக்கு. சாயங்காலம்தான் வரும். நேத்து அவரே விளக்குமாத்த எடுத்தார்."

"வேற ஏதாவது புதுசா இருந்துச்சா நேத்து?"

பையன் யோசித்தான். "வகுப்பு ஆரம்பிக்கறப்பவே, முடிஞ்சதும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் போகணும்னார். அப்படி என்னைக்கும் சொன்னதில்லை."

ராஜாராம் பலகை முன்னாலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சௌராஷ்டிர வீட்டில் அவர் தாய் ரொட்டியைத் தெருவோடு திருப்பி அனுப்புவாள். கள்ளு ஊற்றிப் பொங்க வைத்த மாவு, யாரோ சுட்டது, வீட்டுக்குள் வரக்கூடாது. வேலூரில் போலீஸ் பயிற்சிக்குப் போனபோது காலையில் ரொட்டிதான் போட்டார்கள். முதல் நாள் அதை மூடி வைத்துவிட்டு ஓடினார். மறுநாளும் மூடி வைத்தார். அதற்கு மறுநாள், தட்டை மடியில் மறைத்துக்கொண்டு, தூணுக்குப் பின்னால் போய் நின்று தின்றார். இன்றுவரை தாய்க்குத் தெரியாது.

கவிழ்த்து வைத்த செம்பு கண் முன்னால் வந்தது.

"தம்பி" என்றார் தயங்கி. "நீ குடுத்த அந்தப் பாதித் துண்டு... அவன் அதப் படத்துல வெச்சுப் பார்த்தியா?"

"இல்லை சார்."

அதன் பிறகுதான் பையனுக்குப் புரிந்தது. அவன் முகம் மெல்ல மாறுவதை ராஜாராம் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்க ஒன்றும் இல்லை.

*

பன்னிரண்டு மணிக்கு முன்பே சர்க்கிள் இன்ஸ்பெக்டரை வகுப்பறைக்கு வரவழைத்தார். ஹாலாஸ்யத்தையும் உட்கார வைத்தார். விருமாண்டி கூடையோடு வாசலில் நின்றார்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு, மாஸ்டரிடம் திரும்பினார். "நேத்து வகுப்புக்கு ரொட்டி எங்க வாங்கினீங்க?"

"எப்பவும் வாங்கற பாய் கடைலதான்."

"யார் போய் வாங்கினது?"

"நானேதான்."

"நேத்துக் காலையிலயா?"

"ஆமாம். ஏன் ஸார்?"

"நேத்து ரம்ஜான் பெருநாள். பாய் விடியறதுக்கு முந்தியே பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டுத் தொழுகைக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். கடையில அடுப்பே மூட்டலை. இப்பத்தான் கேட்டுட்டு வாரேன்."

ஹாலாஸ்யத்தின் கை அங்கவஸ்திர நுனியைத் தேடியது.

"நேத்துன்னா... முந்தாநாள் வாங்கினது மிச்சம் இருந்தது."

"முந்தாநாள் மிச்சத்துக்கு எதுக்கு சோப்புப் போட்டுக் கை கழுவணும்?"

ஹாலாஸ்யம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"நான் சொல்றேன், தப்பா இருந்தாத் திருத்துங்க. அலமாரியில வெக்கற ரொட்டி ராத்திரியோட ராத்திரியாக் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சுன்னு பசங்க சொல்றாங்க. எலின்னு நெனைச்சீங்க. முந்தாநாள் சாயங்காலம் மிச்ச ரொட்டியில பாஷாணத்தத் தடவி வெச்சீங்க. காலையில வந்தா எலி தொடலை. புதுசு வாங்கக் கடை இல்லை. பரீட்சை நெருங்குது. துடைக்கறதுக்குத்தானேன்னு அதையே துண்டு போட்டுக் குடுத்தீங்க."

ஹாலாஸ்யம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "துடைச்சுட்டுத் தூக்கிப் போடற வஸ்து ஸார்! அத எவன் வாயில வெப்பான்? மேல தெரியற தூளத் தட்டிட்டுத்தான் குடுத்தேன். கை அலம்பச் சொன்னேன். வேற என்ன பண்ணணும் நான்?"

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு குறுக்கிட்டார். "ராஜாராம், இதென்ன கதை? ஐயர் வீட்டுப் பையன், பாய் கடை ரொட்டியத் தின்னான்னு கோர்ட்ல சொல்லுவியா? சிரிப்பாங்கய்யா. டாக்டர் இட்லின்னு சொல்லியிருக்கார்."

"வெள்ளையா மாவா இருந்துச்சுன்னுதான் டாக்டர் பார்த்தார் சார். ஐயர் வீட்டுப் பையன், அதனால இட்லின்னு அவரா நெனைச்சுக்கிட்டார். மத்த பசங்க துண்டெல்லாம் கரியத் துடைச்சுத் துடைச்சுக் கறுப்பாயிருச்சு. இவன் துண்டு படத்த ஒரு தடவைகூடத் தொடலை. அதான் வெள்ளையா உள்ள போச்சு. இந்தப் படத்தப் பாருங்க. வெளிச்சமே இல்லை. வெளிச்சம் எடுக்க வேண்டியது அவன் வயித்துல இருந்துச்சு."

"அந்தக் காக்கா?"

"விருமாண்டி, சொல்லுங்க."

விருமாண்டி கூடையைக் கீழே வைத்தார். "டாக்டர் கிழிச்சுப் பார்த்தாருய்யா. சோறு ஒரு பருக்கை இல்லை. கறுப்புக் கறுப்பா ரொட்டித் துணுக்கு. காக்கா ஏன் கரியத் திங்குதுன்னு என்கிட்டயே கேக்குறாரு. இம்புட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேள்விய நான் கேட்டதில்லை."

"மாஸ்டர் கூட்டி அள்ளிச் சுவர் தாண்டிப் போட்டத அது பொறுக்கியிருக்கு" என்றார் ராஜாராம். "அந்தம்மா அதுக்கப்புறம்தான் சுவர் மேல சோறு வெச்சாங்க. ஒரு காக்கா செத்துக் கிடக்கற இடத்துல இன்னொரு காக்கா சோத்தத் தொடாது. நாம அத விஷச் சோறுன்னு எழுதிட்டோம். நானும்தான் எழுதினேன்."

இன்ஸ்பெக்டர் சுவரில் மாட்டியிருந்த வாசகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

ராஜாராம் ஹாலாஸ்யத்தின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பையன் விழுந்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் விளக்குமாத்தத் தூக்கினீங்க. டாக்டர்கிட்ட ஓடிப் போய் பாஷாணம்னு ஒரு வார்த்தை அப்பவே சொல்லியிருந்தா, வயித்தக் கழுவியிருப்பாங்க. பிழைச்சிருப்பான்னு சொல்லலை. பார்த்திருக்கலாம். அப்புறம், அந்தம்மாளப் பிடிச்சு உள்ள போட்டப்பவும் வாயத் திறக்கலை."

"பயமா இருந்தது" என்றார் ஹாலாஸ்யம். "எனக்கு மூணு பொண்ணு."

"ரொட்டி குறைஞ்சுச்சே, எலி கடிச்ச பல் தடம் இருந்துச்சா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கத்தியால வெட்டின மாதிரி நேரா இருந்ததா, கொறிச்சு வெச்ச மாதிரி இருந்ததா?"

"நேராத்தான்... நேராத்தான் இருந்தது." அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "காலைல சீக்கிரம் வந்து பலகையெல்லாம் எடுத்து வெக்கறது அவன்தான். படிப்புச் சம்பளத்துல பாதி தள்ளிக் குடுத்திருந்தேன். அலமாரிச் சாவி அவன் கிட்டதான் இருந்தது."

வெளியே சந்தில் ஜட்கா ஒன்று கடகடவென்று போயிற்று. மேஜை மேல் சுண்ணாம்பு உருண்டை ஜன்னல் வெளிச்சத்தை ஒரு பக்கமாக வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தது.

*

பாலாம்பாளை அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். விருமாண்டிதான் கொண்டுபோய் விட்டார். கதவைத் திறந்ததும் அவள் கேட்டாளாம், "அப்போ பாஷாணம் என்னுது இல்லேன்னு ஆயிடுத்தா?" என்று. ஆமாம் என்றதும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாளாம். "இலை போட்டிருந்தேன்னா அவன் அத ஏன் தின்னப் போறான்? ரெண்டு இட்லி. அன்னிக்கு மிஞ்சித்து, மாட்டுக்குப் போட்டேன்."

விருமாண்டி இதை ஸ்டேஷனில் வந்து சொன்னார். "கொலைகாரி இல்லைன்னு சொல்லி வீட்டுல விட்டுட்டு வாரேன்யா. அந்தம்மா அழுவுறதப் பார்த்தா, உள்ள இருந்தப்பவே தேவல போல இருந்துச்சு" என்றார். சட்டத்தில் அதற்கு இடம் இல்லை.

ஹாலாஸ்யத்தின் மேல் கவனக்குறைவுக்கு ஒரு வழக்கும் மறைத்ததற்கு ஒன்றும் போட்டார்கள். கொஞ்ச மாதம் உள்ளே இருப்பார், அல்லது அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்துவிடுவார் என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள். சித்திர சாலையைப் பூட்டினார்கள். மெஸ்ஸுக்கும் ஆள் வரவில்லை. போலீஸ் தொட்ட வீடு.

பையனின் காரியங்கள் முடிந்த பிறகு ஒரு காலையில் வாலாம்பாள் வாடிப்பட்டியிலிருந்து வந்தாள். நேராக ஸ்டேஷனுக்கு வந்து, "என் பிள்ளை சாப்பிட்டிண்டிருந்த ஆத்தக் காட்டறேளா?" என்று கேட்டாள். ராஜாராமே கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் அவள் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அடுப்பு எரியாத சமையலறையில் இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய ஒரே வயது. ஒரே மாதிரி முக்காடு. வாலாம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நாணயங்கள்.

"பதினோரு ரூபா ஆறணான்னு எல்லாரும் சொன்னா. அவன் பூணூலுக்கு வந்த வெள்ளிப் பஞ்சபாத்திரத்த வித்தேன். எண்ணிக்கோங்கோ."

பாலாம்பாள் தீயைத் தொட்டது போலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேண்டாம். அந்தப் பாக்கிய நான் அன்னிக்கே தள்ளிட்டேன். எடுத்துண்டு போங்கோ, உங்க கால்ல விழறேன்."

"தள்ளாதீங்கோ."

"அந்தக் காசத் தொட்டா என் கை வெந்துடும்."

"தள்ளாதீங்கோ" என்றாள் வாலாம்பாள் மறுபடி. குரல் உயரவில்லை. "எல்லாரும் என் கிட்ட வந்து அவன் பட்டினி கெடந்தான், பட்டினி கெடந்தான்னு சொல்றா. ரொட்டி திருடித் தின்னான்னு சொல்றா. பதினோரு ரூபா ஆறணாவுக்கு அவன் உங்க கையால சாப்பிட்டிருக்கான். அத்தனை நாள் வயிறு நெறஞ்சிருக்கு. அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். நீங்க இத வேண்டாம்னு தள்ளினா, அதுவும் இல்லேன்னு ஆயிடும்."

பாலாம்பாள் ராஜாராமைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்களேன் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் கையை நீட்டினாள். வாலாம்பாள் ஒவ்வொரு ரூபாயாக அதில் வைத்தாள். வைக்க வைக்கப் பாலாம்பாள் எண்ணினாள். நடுவில் ஒரு முறை குரல் நின்றுபோயிற்று. வாலாம்பாள் அடுத்த ரூபாயைப் பிடித்தபடி காத்திருந்தாள். மறுபடி எண்ணினாள். கடைசியில் அணாக்கள்.

"சரியா இருக்கு" என்றாள் பாலாம்பாள்.

வாலாம்பாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.